சீர்த்தட்டுல ஒரு பழம் கொறையல

வேண்டாம்க்கா, அவளுக்குக் குடுக்காதீங்க. தப்பா நெனைக்காதீங்க, முறுக்கு நல்லாத்தான் இருக்கு, வாசம் இங்க வரைக்கும் வருது. பஸ்ஸுல எது தின்னாலும் வாந்தி எடுத்துருவா. நீங்க சாப்பிடுங்க. ஏய் தன்ஷி, அங்க என்ன பார்வை? ஜன்னல் பக்கம் திரும்பி உக்காரு.

பையா? பையில ஒண்ணுமில்லக்கா. மருந்து. சளி மருந்து. சூடு படக் கூடாதுன்னாக, அதான் ஈரத்துணி சுத்தி வச்சிருக்கேன்.

நீங்க எந்த ஊரு? திருமங்கலமா? எங்க ஊருப் பக்கம் சொந்தக்காரவுக யாரும் இருக்காகளா? யாருமே இல்லையா? சரி சரி.

அப்ப உங்ககிட்டச் சொல்லலாம். பொய்தான்க்கா சொன்னேன். வாந்தியெல்லாம் எடுக்க மாட்டா, இது சளி மருந்தும் இல்ல. அந்தா டிரைவருக்குப் பின்னாடி செவப்புச் சேலை கட்டி உக்காந்திருக்கா பாருங்க, அவ எங்க தெருக்காரி. அவ காதுல ஒரு சொல்லு விழுந்துச்சுன்னா, பஸ்ஸு மதுரைக்குப் போறதுக்குள்ள ஸ்ரீவில்லிபுத்தூரு பூராவும் போயிரும். போனும் கையுமாத்தான் இருப்பா எந்நேரமும். செத்தக் கிட்ட வாங்க.

எம்பிள்ளைக்குச் சுகருக்கா.

ஆமா, சுகருதான். கெழடு கட்டைகளுக்கு வருமே, அதேதான். ஒம்பது வயசுப் பிள்ளைக்குத்தான். பாத்தீங்களா, நீங்களே வாயில கைய வச்சுட்டீங்க. அப்ப எங்க தெரு என்ன பாடு படுத்தும்? அதுலயும் எங்க வீட்டுக்காரக பால்கோவாக் கடையில மாஸ்டரு. விடிஞ்சா அடைஞ்சா சீனியும் பாலும் கிண்டுறதுதான் அவுக தொழிலு. ‘பால்கோவா கிண்டுறவன் மகளுக்குச் சுகராம்’னு ஒருத்தி ஆரம்பிச்சாப் போதாதா? நான் தெருவுல தலைகாட்ட முடியுமா?

டாக்டரம்மா என்னமோ சொன்னாக. இது இனிப்புத் தின்னு வந்ததில்ல, யாரு செஞ்ச தப்பும் இல்ல, உடம்புக்குள்ள ஊற வேண்டிய ஒண்ணு ஊறாமப் போச்சு, அதை ஊசியில ஏத்துறோம், அம்புட்டுத்தான், பிள்ள எல்லாரையும் போலப் படிக்கலாம், ஓடலாம், ஆடலாம்னாக. அவுகளுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாக. எங்க வளவுல வந்து நின்னு சொல்லுவாகளா? பொம்பளப் பிள்ளைக்கா. நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணும். ஊசி போடும்போது கதவச் சாத்தி, டிவியச் சத்தமா வச்சுக்கிருவேன். பள்ளிக்கூடத்துல டீச்சர்கிட்டக் கட்டாயம் சொல்லிரணும்னாக, அதையும் இன்னும் சொல்லல. சொன்னாப் பிள்ளைக கேலி பண்ணும்ல?

தன்ஷி, நிமிந்து உக்காரு. அதுக்குள்ள என்ன சாய்வு? காலைலயும் இப்பிடித்தான்க்கா, ஊசியப் போட்டுத் தட்டுல இட்டிலிய வச்சா, பாதி கூடத் திங்கல, பஸ்ஸு வந்துருச்சுன்னு இழுத்துக்கிட்டு ஓடியாந்தேன். மாசாமாசம் மதுரைல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். ‘எங்கம்மா வீட்டுக்குப் போறேன்’னுதான் தெருவுல சொல்லிட்டு வருவேன்.

அந்த நர்சம்மா இருக்காகளே, கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரிச் சொல்லி அனுப்புவாக. ‘மாரீஸ்வரி, ஊசியும் போட்டுச் சாப்பாடும் கொறஞ்சுச்சுன்னா சுகரு தடால்னு எறங்கிரும். கை நடுங்கும், குப்புன்னு வேர்க்கும், பிள்ள சோந்து சாயும். எங்க இருந்தாலும் சரி, யாரு இருந்தாலும் சரி, ஒடனே சீனிய வாயில போட்டுரு. தாமசிச்சா உசுருக்கே வந்துரும்’னு. அதெல்லாம் டப்பால சீனி இருக்குக்கா, இந்தப் பைக்குள்ளதான். நான் என்ன வெவரம் கெட்டவளா?

எம்மனசுல கெடந்து அறுக்குறது சுகரு கூட இல்லக்கா. எங்க நாத்தனா பண்ணின காரியம். முத்துச்செல்வின்னு பேரு. எங்க வீட்டுக்காரகளுக்கு ஒரே தங்கச்சி. சிவகாசில அச்சாபீசு வச்சிருக்கவனுக்கு வாக்கப்பட்டவ. அவ எம்பிள்ளைக்குத் திருட்டுப் பட்டம் கட்டுனா. நாலு சனத்துக்கு முன்னாடி. சாமிக்கு முன்னாடி. அதைச் சொன்னாத்தான் எனக்கு ஆறும்.

அரைப் பரீட்சை லீவு முடிஞ்சு எல்லாம் ஆரம்பிச்சுச்சு. நல்லாப் படுத்து எந்திரிச்சுக்கிட்டு இருந்த பிள்ள, பாயில ஒண்ணுக்குப் போக ஆரம்பிச்சா. நாலு வயசுல விட்ட பழக்கம்க்கா! எங்க வளவுல ஆறு குடும்பம், ஒரே கொழாயி, துணி காயப் போட ஒரே கொடி. தெனமும் விடியக்காலைல நான் பாயக் கழுவுனா எவளுக்குத் தெரியாமப் போகும்? ‘என்ன மாரீஸ்வரி, தெனமும் பாயி கழுவுற?’ன்னாளுக. பூனை அசிங்கம் பண்ணிருச்சுன்னேன். மறுநாளும் பூனைன்னேன். ‘ஒங்க வீட்டுக்கு எத்தன பூனைடி வருது?’ன்னு சிரிக்குறாளுக. நாக்கப் பிடுங்கிக்கிறலாம் போல இருந்துச்சு.

சரின்னு பள்ளிக்கூடம் விட்டு வந்த பெறகு தண்ணிய நிப்பாட்டுனேன். குடிச்சாத்தான போவா? எல்லாத் தாயும் செய்யுறதுதானக்கா? இவ என்னடான்னா அடங்கல. குளிக்கப் போன எடத்துல வாளித்தண்ணியக் குடிக்குறா. பக்கத்து வீட்டுக்குப் போயி, அவுக சொம்பத் தூக்கி அண்ணாந்து குடிக்குறா. அந்த வீட்டுக்காரி என்னைய வந்து கேக்குறா, ‘ஏன் மாரீஸ்வரி, பெத்த பிள்ளைக்குத் தண்ணி கூடவா குடுக்க மாட்ட?’ அன்னைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வெளக்குமாத்தால நாலு போட்டேன். பக்கத்து வீட்டுக்காரியவா அடிக்க முடியும்? எம்பிள்ளையத்தான்.

அழுதுட்டு, ‘அம்மா, நாக்கெல்லாம் ஒட்டுதும்மா’ன்னா. நடிப்புன்னு நெனைச்சேன்.

திங்கிறதுன்னா அப்பிடித் திங்கிறா. தட்டு நெறையச் சோறு தின்னுட்டு, இன்னும் பசிக்குதும்பா. ஆனா உடம்பு ஏறல, எறங்குது. கன்னம் ஒட்டிப் போச்சு. வயித்துல பூச்சி இருக்கும்னு பூச்சி மருந்து குடுத்தேன். யாரு கண்ணாச்சும் பட்டிருக்கும்னு உப்பு மொளகா சுத்திப் போட்டேன். பாவாடையக் கழட்டிப் போட்டா எறும்பு மொய்க்குது. இவுக அப்பா கொண்டாந்த பால்கோவாவ எனக்குத் தெரியாம எடுத்துத் தின்னுட்டுப் பாவாடைல கையத் தொடச்சிருக்கான்னு அதுக்கும் வசவு. எப்பப் பாத்தாலும் அசந்து அசந்து கெடக்காளேன்னு பெத்த மனசு கேக்காம, குளுக்கோசு வாங்கிக் கரைச்சுக் கரைச்சுக் குடுத்தேன். அது ஒண்ணுதான் அவளுக்கு ஆசையாக் குடிக்கக் கெடைச்சது. பெறகு டாக்டரம்மா அதைக் கேட்டுட்டுத் தலையில கைய வச்சுட்டாக.

எங்க வீட்டுக்காரக ஒரு நாள் சொன்னாகதான். ‘பிள்ள ஒரு மாதிரி இருக்கா, ஆஸ்பத்திரில காட்டுவமா’ன்னு. ‘என்னன்னு சொல்லிக் காட்டுவீக? நாளைக்கு வயசுக்கு வரப்போற பிள்ள பாயில மோளுதுன்னா? கூட்டத்துல உக்காந்து நான் சொல்லணுமா?’ன்னேன். அதோட விட்டுட்டாக. ஆம்பள ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேனா? சொல்லுங்க.

ம்? ஆமாக்கா, வேர்த்து ஊத்துது. வெயிலு அப்பிடி அடிக்குது. அந்தப் பக்கக் கண்ணாடியக் கொஞ்சம் தள்ளி விடுங்க. தன்ஷி, என்ன மொணமொணங்குற? வந்துரும், கல்லுப்பட்டி வரப் போகுது, கண்ண மூடித் தூங்கு.

எங்க விட்டேன்? பங்குனில முத்துச்செல்வி மகனுக்குக் காதுகுத்து. கரிசக்காட்டுக்குள்ள குலதெய்வம் கோயில்ல. எங்க வீட்டுக்காரகதான் தாய்மாமன். அவுக மடியில உக்கார வச்சுத்தான காது குத்தணும்? அச்சாபீசுக்காரவுக முன்னாடி கொறை வந்துறக் கூடாதுன்னு, பட்டுத்துணி, கடுக்கன், வெள்ளி அரைஞாண், ஆப்பிளு, அன்னாசி, சீப்பு சீப்பாப் பழம்னு தட்டு வரிசைய அடுக்கிட்டோம். எங்க சக்திக்கு மீறின சீருக்கா அது. மேளத்தோட தட்டத் தூக்கிட்டு நடக்கும்போது எனக்கு நெஞ்சு நிமிந்து போச்சு.

இவளுக்குப் புதுப் பட்டுப்பாவாடை. அவ்வளவு பேரு முன்னாடி பாவாடைய நனைச்சுட்டான்னா? அதனால காலைல எந்திரிச்சதுல இருந்து ஒரு சொட்டுத் தண்ணி காட்டல. வேன்லயே வயிறு வலிக்குதுன்னா. ரெண்டு தரம் ஓங்கரிச்சா. பட்டினியா இருக்கா, பந்தியில உக்காந்தாச் சரியாப் போகும்னு விட்டேன். கோயில்ல எறங்கித் திரும்பிப் பாக்குறேன், ஆளக் காணோம். கை கழுவ டிரம்முல தண்ணி ஊத்தி வச்சிருந்தாக. அதுக்குள்ள மொகத்த விட்டு மாடு மாதிரிக் குடிக்குறா. எச்சிக்கை கழுவுற எடம்க்கா! மாப்பிள்ள வீட்டுச் சனம் பூரா பாக்குது. தரதரன்னு இழுத்துட்டு வந்து முதுகுல ஒண்ணு வச்சு, சீர்த்தட்டுப் பக்கத்துல உக்கார வச்சேன். ‘இங்கன விட்டு அசைஞ்சேன்னாத் தோல உரிச்சுருவேன்’னேன். அசையல. மூச்சு மட்டும் புஸ்ஸு புஸ்ஸுன்னு வாங்குது. கோவத்துல விடுறான்னு நெனைச்சேன்.

அந்த நேரத்துக்குத்தான் மகராசி முத்துச்செல்வி வந்தா. தட்டெடுக்கக் குனிஞ்சவ, பிள்ள மொகத்துக்கிட்ட மோந்து பாத்துட்டு, ‘என்ன மதினி, இவ வாயில பழ வாசம் அடிக்குது? சாமிக்குப் படைக்கும் முன்னாடி தட்டுல கைய வச்சுட்டாளா?’ன்னு கேட்டா. மெல்லக் கேட்டாளா? மேளக்காரன் கூட வாசிக்கிறத நிப்பாட்டிட்டுப் பாக்குறான். ‘வீட்டுல திங்கக் குடுக்கலன்னா எங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்ல?’ன்னு அவ மாமியாரு ஒரு பக்கம்.

நான் இவள எழுப்பி நிறுத்தி ‘ஊதுடி’ன்னேன். ஊதுனா. அடிக்குதுக்கா! அழுகின பழ வாசம் குப்புன்னு அடிக்குது! ‘தின்னியாடி?’ன்னா, இல்லன்னு தலைய ஆட்டுறா. வாயத் தெறந்து பேசக் கூட முடியல அவளுக்கு. அப்ப நான், எம்பிள்ளை மேல பழி வரக் கூடாதேன்னுதான், நல்லாக் கேட்டுக்கங்க, பழி வரக் கூடாதேன்னுதான், சூடத்தப் பொருத்துனேன். ‘திங்கலேன்னா சாமி முன்னாடி சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு. ஊரு பாக்கட்டும்’னேன்.

நடந்து போனா. தள்ளாடித் தள்ளாடி நடந்து போயி, எரியுற சூடத்துக்கு நேரா இந்தச் சின்னக் கைய நீட்டுனா. நீட்டுன கை நீட்டுனபடியே விழுந்துட்டா.

அப்பவும் சனம் என்ன சொல்லுச்சு தெரியுமா? பொய்ச் சத்தியம் பண்ணப் போனா, சாமி அடிச்சிருச்சுன்னு. அந்தப் பக்கம் ஆசாரி காதுல ஊசிய வைக்கப் போற நேரம். எங்க வீட்டுக்காரக மடியில இருந்த மருமகன அப்பிடியே கீழ எறக்கி விட்டுட்டு ஓடியாந்து இவள அள்ளுனாக. சீரு, சபை ஒண்ணையும் பாக்கல. தாய்மாமன் பாதியில எந்திரிச்சுப் போனா அது எம்புட்டு அவமானம்! பெறகு வேற யாரு மடியிலயோ வச்சுக் குத்துனாகளாம். அந்தக் கோவத்துல முத்துச்செல்வி இன்னிக்கு வரைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வரல, வீட்டுக்கும் வரல.

ஆஸ்பத்திரில டாக்டரம்மா இவ வாய்க்கிட்ட மூக்கக் கொண்டு போனாக. எனக்கு ஒடம்பு கூசிருச்சு, இவுகளும் பழம் தின்னாளான்னு கேப்பாகளோன்னு. ‘பழம் இல்லம்மா, சுகரு எக்கச்சக்கமா ஏறி, ரத்தம் கெட ஆரம்பிச்சா மூச்சுல இந்த வாசம் வரும்’னாக. ‘எத்தன நாளாத் தண்ணி தாகம்? எத்தன நாளா அடிக்கடி ஒண்ணுக்குப் போறா? பாயில போறாளா? எளைச்சாளா?’ன்னு கேட்டாக. வரிசையா எங்க வீட்டுக்குள்ள இருந்து பாத்த மாதிரியே கேக்குறாக. நான், ‘ரெண்டு நாளாத்தான் டாக்டரு’ன்னேன். பின்ன, அத்தன பேரு சுத்தி நிக்கும்போது வேற என்னத்தச் சொல்ல? பிள்ள கண்ணு முழிக்கிற வரைக்கும் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளிய நான் நின்ன நெலைமைய எதிரிக்கும் குடுக்கக் கூடாது சாமி.

ஒரு பழம் கொறையலக்கா. பெறகு எங்க வீட்டுக்காரக ஆளு விட்டுக் கேட்டாக. ஆப்பிளு வச்சது வச்சபடி, அன்னாசி வச்சது வச்சபடி, கண்ணாடித்தாளு கூடப் பிரியல. நாயம் சொல்லுங்க. அவ வந்து எம்பிள்ளை கையப் பிடிச்சு, ‘தப்பாச் சொல்லிட்டேன் தாயி’ன்னு ஒரு வார்த்தை கேக்கணுமா, வேண்டாமா? பச்சைப் பிள்ளையத் திருடின்னு சொன்ன வாயி... ஏன்க்கா அப்பிடிப் பாக்குறீங்க? நான் எதுக்குக் கேக்கணும்? நான் பெத்தவ. பெத்தவ பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேக்குறது எங்கயாச்சும் உண்டா?

என்னது? என்னடி அக்காவப் பிடிச்சு இழுக்குற? கைய எடு. என்னக்கா சொல்றா? எனக்குக் கேக்கல, பஸ்ஸு எரைச்சல்ல...

சீனியா? சீனி வேணும்னு கேட்டாளா? உங்ககிட்டயா?

ஐயையோ, தன்ஷி! கையி ஐஸு மாதிரி இருக்கே! அக்கா, கை நடுங்குதுக்கா, சட்டையெல்லாம் நனைஞ்சு கெடக்கு. வெயிலுன்னுல்ல சொன்னேன் பாவி! பையப் பிடிங்க, அதுக்குள்ள டப்பா, அந்த மருந்துக்கு அடியில. எனக்கு மூடி தெறக்க மாட்டேங்குது, நீங்க தெறங்க. ஆ காட்டு, ஆ காட்டு தாயி. முழுங்கு. அந்தத் தண்ணி பாட்டில எடுங்க. இன்னொரு வாயி. முழுங்குடி எந்தங்கம். கண்ண மூடாத, என்னையப் பாரு.

முழுங்குறா. முழுங்குறாக்கா.

கருப்பசாமி, கண்ணத் தொறந்துட்டாப்பா. இன்னுங் கொஞ்சம் போடுங்க. முறுக்கும் ஒண்ணு குடுங்க, கையில வச்சிருக்கட்டும். பெறகு கடிக்கட்டும். மூச்சு வாங்கிக்கட்டும் மொதல்ல.

ஏண்டி தங்கம், ஒட்டித்தான உக்காந்திருக்கேன், எங்கிட்டக் கேக்கக் கூடாதா? முன்னப் பின்ன தெரியாதவுகளக் கேக்குறியே? எப்ப இருந்து இப்பிடி வந்துச்சு ஒனக்கு?

கேட்டீங்களாக்கா அவ சொல்றத? கிருஷ்ணன்கோயில்ல இருந்தே நடுங்குச்சாம். ‘முன்னாடி நம்ம தெரு அத்தை இருக்காகல்லம்மா. நீ சீனி டப்பாவ எடுத்தா அவுக பாத்துருவாக, ஒனக்கு அசிங்கமா இருக்கும்ல, அதான் பொறுத்துப் பாத்தேன்’ங்குறா.

எனக்கு அசிங்கமா இருக்குமாம்.

நான் திருமங்கலம் வரைக்கும் முத்துச்செல்வியப் பேசிக்கிட்டே வந்திருப்பேன். பக்கத்துல எம்பிள்ளை செத்துக்கிட்டு வந்திருக்கா. பாயில போனதுக்கு அடிச்சேன், தண்ணி குடிச்சதுக்கு அடிச்சேன். சூடத்த நாந்தான பொருத்துனேன்? முத்துச்செல்வியா பொருத்துனா?

வர்றா. செவப்புச் சேலைக்காரி எந்திரிச்சு வர்றா. கம்பியப் பிடிச்சுக்கிட்டு இங்கதான் வர்றா. என்னாச்சு மாரீஸ்வரின்னு கேக்கப் போறா. வெயிலு, லேசா மயக்கம்னு வாயி வரைக்கும் வந்துருச்சுக்கா. பழகுன வாயாச்சே. பிள்ள முறுக்கக் கடிக்காமக் கையில வச்சுக்கிட்டு, நான் என்ன சொல்லப் போறேன்னு எம்மூஞ்சியவே பாக்குறா.

வா தாயி, வா. ஒண்ணுமில்ல, இப்பச் சரியாயிருச்சு. எங்கம்மா வீட்டுக்குப் போகல, ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். எம்மகளுக்குச் சுகரு. ஆமா, சுகரு. ஊசி போடுறோம், திடீர்னு கொறைஞ்சு போச்சு, சீனி குடுத்தேன். யாருகிட்ட வேணும்னாலும் சொல்லிக்க. அக்கா, அந்தத் தண்ணி பாட்டில இங்கிட்டுக் குடுங்க.

இந்தா தன்ஷி, குடி. வேணும்கிற மட்டும் குடி.